மாதம்மாள் காலில் கழற்றிய பிளேட்

அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தது ஆறு பேர். மேசை மேல் மாதம்மாள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டிருந்ததால் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். தலைமாட்டில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து போகும் மயக்க டாக்டர். வலது பக்கம் எங்கள் பெரிய டாக்டர். எதிர்ப்பக்கம் அவருக்கு உதவியாகச் சின்ன டாக்டர். சாமான் மேசைக்குப் பின்னால் லூர்து சிஸ்டர். ஆறாவது ஆள் நான், தியேட்டர் அசிஸ்டென்ட் முனிரத்தினம். மாதம்மாளின் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சேர்க்கக் கூடாது. உள்ளே இருப்பவர்களைத்தான் எண்ண வேண்டும்.

பெரிய டாக்டர் பழைய தழும்பின் மேலேயே கீறினார். ஏழு மாதத்துக்கு முன்னால், முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்த அவர் கையால் போட்ட பிளேட்டை இப்போது அவர் கையாலேயே எடுக்கிறார். எலும்பு கூடவில்லை. நோவும் வீக்கமும் நிற்கவில்லை. கத்தி ஆழமாகப் போனதும் பிளேட்டைச் சுற்றியிருந்த சதை கறுத்துக் கிடந்தது தெரிந்தது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. வெறும் கறுப்பு. சாணை பிடிக்கிறவர் தொட்டியில் கிடக்கும் தண்ணீர் மாதிரி ஒரு கறுப்பு.

டாக்டர் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். எட்டு. நான் எண்ணிக்கொண்டேன். பிறகு பிளேட்டை எடுத்து மேல் விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பினார். ஸ்க்ரூவின் தலை உட்காரும் குழிகளில் கொசு கடித்த மாதிரி சின்னச் சின்னப் பள்ளங்கள், பழுப்பு நிறத்தில். மற்ற இடமெல்லாம் மயிரிழை மயிரிழையாக, வட்டம் வட்டமாகக் கீறல்.

"ரத்தினம், இது என்ன கீறல்?"

"தெரியலைங்க டாக்டர்" என்றேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தியேட்டரில் வேலை பார்த்ததில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று எழுத ஆசை. வேறு சிலதும் உண்டு. ஆனால் அதெல்லாம் லீவு கேட்கச் சொன்னது.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சங்கீதா. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு டெக்னீஷியனாக வந்த பெண். இன்றைக்கு பிளேட்டும் ஸ்க்ரூவும் கம்பெனியிலேயே சுத்தம் செய்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உறை போட்டு ஒட்டி வருகிறது. பிரிக்க வேண்டும், சிஸ்டர் கையில் படாமல் கொடுக்க வேண்டும், ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். நானோ உறையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "என்னாங்க சார், கள்ள நோட்டு பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்று அவர் கேட்டார். பாதி சொன்னேன். மீதியை, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் படிப்பதற்கு எழுதித் தரச் சொன்னார். எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மொரப்பூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது கூட இருந்து பார்த்துக்கொள்ளத் தர்மபுரிக்கு வந்தேன். அப்பா தேறி ஊருக்குப் போனார், நான் இங்கேயே கூட்டிப் பெருக்க நின்றுவிட்டேன். இரண்டு வருஷத்தில் பெரிய டாக்டர் என்னைத் தியேட்டருக்குள் கூப்பிட்டுக்கொண்டார். அதற்கு என் படிப்போ கைத்திறமையோ காரணம் இல்லை, என் பயம்தான். வீட்டைப் பூட்டினால் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பஸ் ஏறின பிறகு இறங்கிப்போய் ஐந்தாவது தடவை இழுத்ததும் உண்டு. வார்டில் டிரிப் சொட்டை நான் எண்ணிக்கொண்டு நின்றதை டாக்டர் ஒரு நாள் பார்த்திருக்கிறார். "இவன் பயந்தாங்கொள்ளி. இவனை உள்ளே விட்டா ஒண்ணும் தொலையாது" என்று சிஸ்டரிடம் சொன்னாராம்.

சொன்ன மாதிரியே ஒரு பஞ்சுகூடத் தொலைந்ததில்லை. ஆரம்பிக்கும் முன்பு ஒரு எண்ணிக்கை, தையல் போடும் முன்பு ஒரு எண்ணிக்கை, கட்டுக் கட்டியபின் யாரும் கேட்காமல் ஒரு எண்ணிக்கை.

பெரிய டாக்டர் சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். கோபம் ஜாஸ்தியானால் அவர் பேசுவது கேட்பதற்கு நாங்கள் கிட்டத்தில் போக வேண்டியிருக்கும். எக்ஸ்ரேவைப் பார்க்கும் முன்பே வந்தவரின் பல்லைப் பார்ப்பார். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் இதற்குச் சண்டைக்கே வந்துவிட்டார்.

"பல்லைக் காட்டுங்க."

"ஒடிஞ்சது கால்ங்க."

"தெரியுது. பல்லைக் காட்டுங்க."

"மாடு புடிக்கறவன் கணக்கா பல்லப் பாக்கறீங்களே, என்னைய வாங்கப் போறீங்களா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க, கெணறா போரா?" என்று கேட்டார். அப்போதெல்லாம் எங்கள் மாவட்டத்தில் பாதி ஊருக்குக் குடிதண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது பிற்பாடு. போர் தண்ணீரிலே புளோரைடு. பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருந்தால் எலும்பிலும் அது ஏறியிருக்கும். அந்த எலும்பு பார்வைக்குக் கல்லு மாதிரி கெட்டி, ஆனால் நொறுங்கும். டிரில் போட்டால் முனை உடையும், ஸ்க்ரூ ஏற்றினால் விரிசல் விடும். பல்லைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைப் பார்ப்பார். நான் புது டிரில் பிட் மூன்று எடுத்து வைப்பேன்.

டிரில் ஓடும்போது என் வேலை தண்ணீர் ஊற்றுவது. பெரிய சிரிஞ்சில் சலைன் எடுத்து, முனை எலும்பைத் தொடுகிற இடத்தில் விடாமல் ஊற்ற வேண்டும். "ரத்தினம், தண்ணி" என்பார். தண்ணீர் நின்றால் எலும்பு சூட்டில் வெந்துவிடும். வெந்த எலும்பில் போட்ட ஸ்க்ரூ அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும், இரண்டு மாதத்தில் ஆடும். யாருக்கும் காரணம் தெரியாது, கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள்.

பிளேட்டை எலும்பின் வளைவுக்குத் தகுந்த மாதிரி வளைக்கும்போது ஒரே தடவைதான் வளைப்பார். கூடுதலாக வளைந்துவிட்டால் திருப்பி நிமிர்த்த மாட்டார், தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு வேறு கேட்பார். ஒரு தடவை மனசு பொறுக்காமல், "லேசா நிமித்திட்டா போதுமேங்க" என்றேன்.

"ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சா என்னாகும்?"

"ஒடியுங்க."

"அதான். மெட்டல் எலும்பைச் சேக்காது ரத்தினம். எலும்பு தானாச் சேர்ற வரைக்கும் புடிச்சுட்டு நிக்கும். அதுக்கும் கை வலிக்கும். நாம முன்னாடியே அதைக் களைச்சுப்போக வெச்சுட்டா, பாதியில விட்டுடும்."

நான் படித்த படிப்பு இப்படித்தான். எவர்சில்வர் பிளேட்டுக்கு எவர்சில்வர் ஸ்க்ரூ, டைட்டானியம் பிளேட்டுக்கு டைட்டானியம் ஸ்க்ரூ. மாற்றிப் போட்டால் உடம்புத் தண்ணீரிலே ஒன்றை ஒன்று அரிக்கும். இடுப்புப் பந்து வைக்கும்போது குழைக்கிற எலும்பு சிமென்ட் எங்கள் ஊர் சித்திரை வெயிலில் புத்தகத்தில் போட்ட நேரத்துக்கு முன்பே இறுகிவிடும். அதனால் அதைப் பிரிட்ஜில் வைத்திருப்போம். பக்கத்தில் லூர்து சிஸ்டரின் தயிர் டப்பா இருக்கும், டாக்டர் பார்த்தால் மெதுவாகப் பேசுவார், சிஸ்டர் தயிரை எடுத்துவிடுவார், மறுநாள் திரும்பவும் இருக்கும். குழைத்ததில் ஓர் உருண்டையை என் உள்ளங்கையில் வைத்துவிடுவார்கள். உருண்டை சூடேறிக் கல்லாகிற வரைக்கும் டாக்டர் அந்தக் காலை அசைக்காமல் பிடித்திருப்பார். "ஆச்சுங்க" என்று நான் சொன்னபிறகுதான் கையை எடுப்பார். எட்டாவது படித்தவன் சொல்லுக்கு ஒரு எம்.எஸ். டாக்டர் காத்திருப்பார். அந்த நிமிஷங்களை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வெதுவெதுப்பாகிறது.

இவ்வளவு தெரிந்தவன் செய்த தப்பைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் பிளேட்டெல்லாம் சுத்தம் செய்யாமல் வெறும் பிளாஸ்டிக் கவரில் வரும். அளவு வாரியாக ஓட்டை போட்ட ஸ்டீல் பெட்டியில் அடுக்கி, கழுவி, ஆட்டோகிளேவில் ஆவியில் வேகவைத்து எடுப்போம். ஒரு ஆபரேஷனுக்குப் பெட்டியே மேசைக்குப் போகும். அதில் ஒரு பிளேட்டும் சில ஸ்க்ரூவும்தான் செலவாகும். மிச்சம் எல்லாம் திரும்பக் கழுவப்படும், திரும்ப வேகும். அதிகம் செலவாகாத அளவு பிளேட் இருபது முப்பது தடவை வெந்திருக்கும்.

கழுவுவது என் வேலை. தண்ணீர் எங்கள் ஆஸ்பத்திரி போர் தண்ணீர். காய்ந்தால் பிளேட் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும் என்பதுதான் டாக்டர் சொல்லிக் கொடுத்தது. பிரஷ்ஷுக்கு உப்பு போகவில்லை. அழுக்கோடு ஒரு பிளேட் மனுஷன் உடம்புக்குள் போகிறதே என்று எனக்கு ராத்தூக்கம் வரவில்லை. ஒரு நாள் வீட்டிலிருந்து பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் கொண்டுவந்து தேய்த்தேன். உப்பு போயிற்று. பிளேட் கண்ணாடி மாதிரி ஆயிற்று. மனசு ஆறியது.

இரண்டு மூன்று தடவை வெந்தபின் அதே பிளேட்டில் பழுப்பாக ஒரு புள்ளி வந்தது. எனக்கு அதுவும் அழுக்காகத்தான் பட்டது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். புள்ளி கூடக் கூட நான் தேய்ப்பதும் கூடியது. ஒரு காலையில் டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, "பரவால்லையே ரத்தினம், பளபளன்னு வெச்சிருக்கியே" என்றார். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நிறைவு.

நார் போட்டதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. சிஸ்டர் கழுவுமிடத்துக்கு வந்தால் மட்டும் நாரைப் பக்கெட்டுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். அதற்குப் பெயர் மறைப்பதுதான், இப்போது எழுதும்போது தெரிகிறது.

மாதம்மாள் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறவர். முப்பத்தைந்து வயசு இருக்கும். சாத்தியிருந்த பலகை நழுவி, அடுக்கிய பெட்டிகள் அவர் மேலேயே சரிந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிற்று. டாக்டர் பல்லைப் பார்த்தார், கோடு இருந்தது. பிளேட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் சேர்த்து நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். காதில் இருந்த கம்மலை அடகு வைத்துக் கட்டினார். பெட்டியிலிருந்து போன பிளேட் நான் ரொம்ப நாளாகத் தேய்த்து வைத்திருந்ததில் ஒன்று.

மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது, மாதம் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஒரு தடவை வந்தார், அப்புறம் காணோம். ஐந்தாம் வாரமே ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக் கொட்டப் போய்விட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. ஏழு மாதம் கழித்து வீக்கத்தோடும் நோவோடும் வந்து படுத்தார். மேலே சொன்ன அந்த ஆபரேஷன் அதன்பிறகுதான்.

பிளேட்டை எடுத்துவிட்டு மாவுக்கட்டுப் போட்டார்கள். கறுத்த சதையில் கொஞ்சம் சேலத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார் டாக்டர். கிருமி இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி. கிருமி எலும்புக்குள் இறங்கியிருந்தால் காலை இழக்கவும் நேரலாம் என்று மாதம்மாளின் வீட்டுக்காரரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

ரிசல்ட் வர நாலு நாள். அந்த நாலு நாளும் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை என் வீட்டுக்காரிக்குக்கூடச் சொன்னதில்லை. கிருமி என்று வந்தால் நான் தப்பித்தேன். கிருமி வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெட்டி தூக்கிப் பிழைக்கிற ஒரு பொம்பளையின் காலில் சீழ் பிடித்திருக்க வேண்டும் என்று, குளித்து, விபூதி பூசிக்கொண்டு நின்று வேண்டிக்கொண்டேன்.

கிருமி இல்லை என்று வந்தது.

கம்பி நாரை ஒரு பேப்பரில் சுற்றிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். மேசையில் அந்த பிளேட் இருந்தது. பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி. நாரை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இதுலதாங்க தேய்ச்சேன்."

டாக்டர் நாரை எடுத்து, பிளேட் மேல் ஒரு ஓரத்தில் லேசாக ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணாடி வைத்துப் பார்த்தார். அதே கீறல்.

"எத்தனை நாளா?" என்றார். குரல் கேட்கவில்லை. நான் மேசைக்குக் கிட்டத்தில் போனேன்.

"ரெண்டு வருஷம் இருக்குங்க."

"ஏன்?"

"உப்புக் கறை போவலைங்க. அழுக்கோட உள்ள போகுதேன்னு…"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எவர்சில்வர் ஏன் துருப்பிடிக்காது தெரியுமா? மேல ஒரு தோல் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. நீ அந்தத் தோலை உரிச்சிருக்கே. உரிச்ச எடத்துல இந்த நாரோட இரும்புத் தூள் ஏறியிருக்கு. அப்புறம் உப்புத் தண்ணி. அப்புறம் உடம்பு; அதுவும் உப்புத் தண்ணிதான்."

"அப்ப அந்தம்மா கால் என்னாலதாங்களா?"

"தெரியாது" என்றார். "அவ அஞ்சாம் வாரமே ஊனி நடந்துட்டா. எலும்பு கல்லெலும்பு. கீறலும் இருக்கு. எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. உன்னால இல்லன்னும் சொல்ல மாட்டேன், உன்னாலதான்னும் சொல்ல மாட்டேன்." பூதக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, "பளபளன்னு இருக்குன்னு சொன்னது நாந்தான்" என்றார்.

அன்றைக்கே பெட்டி முழுக்கக் கீழே கொட்டினார். கீறல் இருந்த அத்தனை பிளேட்டையும் ஒரு சாக்கில் கட்டச் சொன்னார். ஒரு வருஷத்து லாபம் அந்தச் சாக்கில் போயிருக்கும். கழுவுவதற்கு இனிமேல் காய்ச்சி வடித்த வாலைத் தண்ணீர், கேன் கேனாகச் சேலத்திலிருந்து. அந்த இரண்டு வருஷத்தில் பிளேட் போட்டுக்கொண்ட எல்லாருக்கும் கார்டு எழுதி வரவழைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார், காசு வாங்காமல். மற்றவர்களுக்கு எலும்பு கூடியிருந்தது. ஒவ்வொரு படமும் விளக்கில் ஏறும்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாதம்மாகிட்ட யார் சொல்றது?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னா…"

"நானும் வர்றேன். நீ சொல்லு."

வார்டில் மாதம்மாள் கட்டுப்போட்ட காலைத் தலைகாணி மேல் வைத்து, முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார். நான் தேய்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் முறுக்கை மெல்வதை நிறுத்தவில்லை. முடித்ததும் டாக்டரைப் பார்த்தார்.

"இவரு வேணும்னு செஞ்சாருங்களா?"

"இல்லம்மா. நல்லாருக்கணும்னு செஞ்சான்."

"நானுந்தான் நல்லாருக்கணும்னு மார்க்கெட்டுக்குப் போனேன். புள்ளைங்க சாப்புடணுமில்ல." காலின் கட்டைத் தடவிப் பார்த்தார். "இன்னொருக்கா போட்டா கூடுமுங்களா?"

"இடுப்புலேருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வெச்சு, புது பிளேட் போடுறேன். கூடுறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. நீ சொல்றபடி இருந்தா. இந்தத் தடவை உனக்குக் காசு கெடையாது."

"அது உங்க தருமம். மொத பிளேட்டுக்கு நான் கம்மல வெச்சுக் கட்டுனது நாலாயிரத்து எண்ணூறு. எங்க மார்க்கெட்டுல பொட்டிக்கடியில அழுவல் இருந்தா, வித்தவன் காசக் கழிச்சுத் தரணும். அதாங்க வழக்கம்."

"சரி, தர்றேன்" என்றார் டாக்டர்.

"நீங்க ஏன் தர்றீங்க? தேச்சது யாரு?" என்று என் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீங்கதான?"

"நாந்தாங்க. நானே தர்றேன்" என்றேன். உண்மையில் எனக்கு அந்த இடத்தில் உயிர் வந்தது. திட்டியிருந்தால் எத்தனை நாள் திட்டு அது என்று தெரியாது. இது நாலாயிரத்து எண்ணூறு, முடிவு தெரிகிற கணக்கு. மறுநாளே கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் ஓடியது.

டாக்டர் குறுக்கே கை நீட்டினார். "மொத்தமா வேண்டாம். மாசம் முன்னூறு. இங்க வெச்சுத்தான் தரணும், நான் காலைப் பாத்த பெறகுதான் தரணும். அவ வரலைன்னா அந்த மாசம் காசு கெடையாது."

மாதம்மாள் அவரை முறைத்தார். "என்னைய கட்டிப் போடறீங்க."

"ஆமா" என்றார் டாக்டர்.

இரண்டு வாரம் கழித்துப் புது பிளேட். அதை நான் கழுவவில்லை. நான் கழுவக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, என் கைதான் போகவில்லை. லூர்து சிஸ்டர் கழுவினார். கையுறை போட்ட விரல்கூடப் படாமல், இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார். இடுப்பெலும்பிலிருந்து சுரண்டி எடுத்த எலும்புத் துணுக்குகளை, ஈரத்துணியில் மூடி வைத்திருந்ததை, முறிந்த இடத்தைச் சுற்றி டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய ஜவ்வை ஒரு விரற்கடை கூடுதலாகக்கூட உரிக்கவில்லை; ரத்தம் அது வழியாகத்தான் வருகிறது. புது டிரில் பிட். "ரத்தினம், தண்ணி." ஊற்றினேன். ஓர் ஓட்டைக்கு ஒரு சிரிஞ்ச் போதும், நான் இரண்டு ஊற்றினேன். "குளிப்பாட்டச் சொல்லலையே" என்றார் சின்ன டாக்டர். பெரிய டாக்டர், "ஊத்தட்டும் விடு" என்றார். ஒவ்வொரு ஸ்க்ரூவும் கடைசிச் சுற்றில் எலும்பைக் கடிக்கும்போது கைக்குத் தெரியும், எங்களுக்கு அது டாக்டரின் முகத்தில் தெரியும். எட்டும் கடித்தது.

முதல் மாதம் மாதம்மாள் இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு பாலக்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். படம் எடுத்தார்கள், டாக்டர் பார்த்தார், நான் மூன்று நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையில் முடிந்துகொண்டார். இரண்டாம் மாதமும் வந்தார். மூன்றாம் மாதம் மழை கொட்டியது, வர மாட்டார் என்று நினைத்தேன், நனைந்துகொண்டு வந்தார்.

"காலுக்காக வர்றியா, காசுக்காக வர்றியா மாதம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"காசுக்குத்தாங்க. காலு கூடவே வந்துருச்சு."

நாலாம் மாதப் படத்தில் முறிந்த இடத்தைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெண்மை தெரிந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புது எலும்பு. எட்டாம் மாதம் மாதம்மாள் ஒரு கட்டையை விட்டுவிட்டார். பத்தாம் மாதம் இரண்டாவதையும். ஒவ்வொரு மாதமும் நான் முதலில் பார்ப்பது பிளேட்டின் ஓரம் கறுத்திருக்கிறதா என்றுதான். தோலுக்கு மேலே ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் பார்ப்பேன். "அப்படி என்னாத்த ண்ணா மொறச்சுப் பாக்கறீங்க, காலு பத்திகிச்சா?" என்பார். எப்போது 'ஏங்க' போய் 'அண்ணா' வந்தது என்று எனக்கு நினைவில்லை. கம்மலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்த மாதம், டாக்டரிடம் காலைக் காட்டும் முன் எங்களிடம் காதைக் காட்டினார்.

முதல் தடவை ஒரே ஒரு தடவை வந்து நின்றுபோனவர், இந்தத் தடவை பதினைந்து மாதம் ஒரு மாதம் தவறாமல் வந்தார். கம்பெனி ஆட்கள் வந்து இந்த மெட்டல் உசத்தி, அந்தப் பூச்சு உசத்தி என்று படம் காட்டும்போதெல்லாம் டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். அவர்கள் போனபிறகு, "இவங்க பிளேட்டு நல்ல பிளேட்டுதான் ரத்தினம். ஆனா பேஷன்ட்ட மாசாமாசம் பஸ் ஏத்தி அனுப்புற பிளேட்டு எவன்கிட்டயும் இல்ல" என்பார்.

பதினாறாம் மாதம் மாதம்மாள் வரவில்லை.

முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாம் வாரம் ஸ்க்ரூ ஆடுகிற மாதிரி கனவு வந்தது. பிளேட் ஒடிந்துவிட்டதோ, விழுந்து கிடக்கிறாரோ, வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்விட்டார்களோ. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சட்டைப்பையில் முன்னூறு ரூபாயை வைத்துக்கொண்டு பாலக்கோடு பஸ் ஏறினேன். மார்க்கெட்டில் ஒரே கூச்சல், காலுக்கடியில் நசுங்கிய தக்காளி. லாரி வரிசையில் தேடிக்கொண்டே போனேன். நாலாவது லாரியில் சாத்தியிருந்த பலகை மேல், தலையில் பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார். நான் காலைத்தான் பார்த்தேன். இடது, வலது, இடது. இரண்டும் ஒரே அளவுக்கு ஊன்றின. மேலே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினவர் என்னைக் கண்டுகொண்டார்.

"என்னா ண்ணா, தக்காளி வாங்க வந்தீங்களா?"

"நீ இந்த மாசம் வரலையே. கடைசித் தவணை கெடக்குது." தாளை எடுத்து நீட்டினேன்.

பலகையில் இறங்கி வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பணத்தை வாங்கவில்லை.

"அது உங்ககிட்டயே கெடக்கட்டும். காலு நோவுச்சுன்னா வந்து வாங்கிக்கறேன்."

"கணக்கு முடிஞ்சிரும்மா…"

"முடிய வேண்டாங்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குக் குனிந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வழி விடச் சொல்லிக் கத்தினார்கள், நான் ஒதுங்கினேன்.

பெரிய டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். லூர்து சிஸ்டர் பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஆஸ்பத்திரியை டாக்டரின் மகள் நடத்துகிறார். நான் வேலையிலிருந்து நின்ற அன்று அவரிடம் விஷயத்தைச் சொல்லி, மாதம்மாள் என்று யாராவது வந்து கேட்டால் உடனே எனக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் அவர் வந்து கேட்கவில்லை. முன்னூறு ரூபாய் பாக்கி.